மண் தட்டு செய்யப் புகும் குழந்தைக்கு

  

வீட்டில் எல்லோரும் அமர்ந்து உண்ண ஆறு தட்டுகளை உன் கையாலேயே மண்ணில் செய்துவிடுவதென்று சங்கற்பம் செய்துகொண்டதாகவும், முதலிரண்டும் ஒருபுறம் கோணி, நடுவில் வெடித்துப் போனதில் மனம் தளர்ந்ததாகவும் எழுதியிருந்தாய். குடமும் பானையுமே கடினம், தட்டு சுலபம் என்று எண்ணி நீ அதில் இறங்கினாய். உண்மை அதற்கு நேர் விரோதம். குடத்தின் வளைந்த சுவர் தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும். பரந்து கிடக்கும் தட்டுக்கு அந்த ஆதாரம் இல்லையாதலால், செய்தவன் காட்டிய அவசரம் அத்தனையும் அதன் முகத்தில் எழுதப்பட்டுவிடுகிறது.

மண்ணை நன்றாகப் பிசைந்து உள்ளிருக்கும் காற்றைப் போக்கியபின், துணி விரித்த பலகையில் வைத்து, இருபுறமும் ஒரே கனமுள்ள இரண்டு மரச்சட்டங்களை இட்டு, அவற்றின்மேல் உருளும்படியாகச் சப்பாத்திக் குழவியால் தேய்த்தாயானால், 8 மில்லிமீட்டர் கனத்தில் எங்கும் சமமான தகடு கிடைக்கும். அதை ஒரு மூலையில் பிடித்துத் தூக்காதே. துணியோடு சேர்த்தே புரட்டு. மண்ணுக்கு ஞாபகசக்தி உண்டு என்று இத்தொழிலில் பழகினவர்கள் சொல்வது அலங்காரப் பேச்சன்று. ஒரு தடவை மடிந்த இடத்தை நீ தட்டிச் சமன் செய்துவிட்டாலும், சூளையின் உஷ்ணத்தில் அந்த வளைவு மீண்டும் தலைகாட்டும். மண் உலர்ந்து வேகும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்குமாதலால், 10 அங்குலத் தட்டு வேண்டுமானால் 11 அங்குலத்துக்குச் சற்று மேலாகவே வெட்டிக்கொள்.

இனித்தான் விஷயத்தின் உயிர்நிலை. தட்டைக் கை உருவாக்குகிறது என்பதைக் காட்டிலும், அது உலரும் நாட்கள் உருவாக்குகின்றன என்பதே பொருந்தும். விளிம்புக்கு மேலும் கீழும் பக்கத்திலும் காற்றுப் படுவதால் அது முந்திக் காய்ந்து சுருங்குகிறது. நடுப்பகுதியோ ஈரத்துடன் பின்தங்கி, பிறகு சுருங்க முயலும்போது ஏற்கெனவே இறுகிவிட்ட விளிம்பு இடங்கொடுப்பதில்லை. அந்த இழுபறியில்தான் தட்டு கோணுகிறது, அல்லது நடுவில் வெடிக்கிறது. ஆகவே விளிம்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாளால் மூடி, நடுவைத் திறந்து வை. தோல் போல் விறைத்த பதம் வந்ததும் தட்டைக் கவிழ்த்து, மேலும் கீழும் காகிதம் இட்டு, இரண்டு மரப்பலகைகளுக்கிடையே வைத்து, மின்விசிறியும் வெயிலும் படாத மூலையில் ஒரு வாரமேனும் விட்டுவிடு. இந்தப் பொறுமைக்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டு தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், உட்புறத்தில் வட்ட வட்டமாக நுண்ணிய புள்ளி வரிசைகளும், உள்நோக்கி வளைந்த விளிம்பும் உடைய மெல்லிய மண் தட்டுகளின் ஓடுகள் கிடைத்தன. சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அவற்றின் படத்தைத் தேடிப் பார். அவ்வளவு அகலத்தை அவ்வளவு மெலிதாக, கோணாமல் சூளையிலிருந்து எடுத்த கைகளுக்கு எத்தனை நிதானம் இருந்திருக்க வேண்டும் என்பதை, இரண்டு தட்டுகளை இழந்த உன்னைவிட யார் நன்றாக அறிய முடியும்?

சூளை விஷயத்தை விரிக்கப் போவதில்லை. அதைச் சூளைக்காரர் பார்த்துக்கொள்வார். முதல் சூட்டில் 600 பாகை செல்சியஸ் வரை மெதுவாக ஏற்ற வேண்டுமென்பதையும், உள்ளே ஈரம் தங்கிய தட்டு ஆவியின் வேகத்தால் சிதறிவிடும் என்பதையும் நினைவில் வைத்தால் போதும்.

ஆனால் உண்ணும் கலம் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்வது என் கடமை. நம் முன்னோர் மண் சட்டியில் சமைத்தும், எச்சில் பட்ட மண் கலத்தை மறுபடி புழங்க அருவருத்தார்களே, அதை வெறும் ஆசாரம் என்று தள்ளிவிடாதே. பூச்சில்லாத செம்மண் கலம் நுண்துளைகள் நிறைந்தது. எண்ணெயையும் ரசத்தையும் உறிஞ்சிக்கொண்டு, எத்தனை கழுவினாலும் வாடையை விடாது. ஆகவே 1200 பாகைக்கு மேல் வெந்து இறுகும் ஸ்டோன்வேர் மண்ணையே வாங்கு. அதன்மேல் கண்ணாடி போல் உருகிப் படியும் கிளேஸ் என்னும் பூச்சு, ஈயம் சிறிதும் கலவாததாக இருக்கட்டும். ஈயம் கலந்த பூச்சை நம் புளியும் எலுமிச்சையும் மோரும் கரைத்து உணவில் சேர்த்துவிடும். அந்த விஷம் கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது, குழந்தைகளையே அதிகம் தாக்கும். பளபளப்பைக் கண்டு மயங்கி, உள்ளடக்கம் சொல்லாத பூச்சை ஒருபோதும் வாங்காதே. தட்டு வெந்து வந்த பிறகு, ஓர் எலுமிச்சைத் துண்டை அதன்மேல் இரவு முழுதும் வைத்துப் பார். காலையில் அவ்விடம் நிறம் மங்கியிருந்தால், எவ்வளவு அழகாயிருந்தாலும் அதில் அன்னம் இடாதே, பூந்தொட்டிக்கு அடியில் வைத்துவிடு. நிறம் மாறாததை மாத்திரம் கொண்டு ஈயமில்லை என்று தீர்மானித்துவிடவும் கூடாது. பூச்சு வாங்கும்போதே விசாரிப்பதுதான் காவல்.

மூன்றாவது தட்டு வந்ததும், அதில் தயிர்சாதம் பிசைந்து சாப்பிட்டுவிட்டு எனக்கு எழுது. சற்றுக் கோணியிருந்தாலும் பாதகமில்லை. விளிம்பை எத்தனை நாள் மூடி வைத்திருந்தாய் என்பதை மட்டும் மறவாமல் குறிப்பிடு.

இப்படிக்கு,
உன் மாமா