உறுதியாகாத மரபணு மாறுபாடு: அறிக்கை சொல்வதும் சொல்லாததும்

மரபணுப் பரிசோதனை அறிக்கையுடன் வருவோர் எங்களிடம் முதலில் கேட்பது ஒன்றே: "இருக்கிறதா, இல்லையா?" சில அறிக்கைகள் 'இருக்கிறது' என்கின்றன, சில 'இல்லை' என்கின்றன. இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது விடை ஒன்றும் உண்டு. அதுவே 'பொருள் உறுதியாகாத மாறுபாடு'. அறிக்கையில் இது வி.யு.எஸ். என்னும் மூன்றெழுத்தாக இருக்கும். இவ்விடையைப் பெற்ற குடும்பங்களே பெரிதும் கலங்குகின்றன.

ஓர் அஞ்சல் உறையை நினைத்துப் பாருங்கள். கடலூர் என்று எழுதவேண்டிய இடத்தில் கூடலூர் என்று எழுதினால் கடிதம் நீலகிரிக்குப் போய்விடும். சிதம்பரம் என்பதில் மெய்யெழுத்தின் புள்ளி விடுபட்டால் கடிதம் உரிய இடத்திற்கே வந்து சேரும். (நம் முன்னோர் ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இடாமலே எழுதினர், படிப்போர் தடுமாறவில்லை.) நல்லூர் என்று இருக்கவேண்டிய இடத்தில் நல்லாவூர் என்று இருந்தால் என்ன செய்வது? அது எழுத்துப் பிழையா, வேறோர் ஊரா என்பதை அஞ்சல்காரர் விசாரித்தே அறிய வேண்டும். மரபணுவில் காணப்படும் எழுத்து மாற்றங்களும் இம்மூவகையினவே.

மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 100க்கு 5 முதல் 10 வரையே மரபுவழி வருபவை. அவற்றில் முதன்மையானவை பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 என்னும் இரு மரபணுக்களின் பழுதால் உண்டாகின்றன. உடைந்த மரபிழையைச் சீர்செய்யும் புரதங்களை ஆக்குவது இவற்றின் பணி. பி.ஆர்.சி.ஏ.1 தரும் புரதம் 1,863 அமினோ அமிலங்கள் கோத்த சரம். சரம் நடுவில் அறுந்தால் கேடு என்பது தெளிவு. ஒரு மணி மட்டும் மாறினால் அது கேடா, இல்லையா என்பது எளிதில் புலப்படாது. உறுதியாகாத மாறுபாடுகளில் பெரும்பாலானவை இத்தகையவை.

2015இல் வகுக்கப்பட்ட அமெரிக்க நெறிமுறையே இன்று உலகெங்கும் வழக்கில் உள்ளது. அது மாறுபாடுகளை ஐந்து படிகளில் வைக்கிறது: நோய் தருவது, நோய் தரக்கூடியது, உறுதியாகாதது, தீங்கற்றதாக இருக்கக்கூடியது, தீங்கற்றது. நடுப்படியில் நிற்பதற்கு 'பாதி ஆபத்து' என்று பொருள் கொள்ளலாகாது. எப்பக்கமும் தீர்ப்பு எழுதச் சான்று போதவில்லை என்பதே அதன் பொருள்.

இச்சான்றுகள் எங்கிருந்து வருகின்றன? நலமாக உள்ள பலரிடம் ஒரு மாறுபாடு பரவலாகக் காணப்பட்டால் அது தீங்கற்றது என்று கொள்ள இடமுண்டு. இடர்ப்பாடு இங்கேதான் உள்ளது. உலகத் தரவுத்தொகுப்புகளில் நெடுங்காலம் இடம்பெற்றவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வழியினர். பரங்கிப்பேட்டையில் பலருக்கு இயல்பாக உள்ள ஒரு மாறுபாடு, அத்தொகுப்பில் எவரிடமும் காணப்படாமையால் அரியதாகத் தோன்றக்கூடும். இந்தியாவில் 10,000 பேரின் முழு மரபணுத் தொகுப்பு 2025 ஜனவரியில்தான் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இதனால் இக்குறை மெல்லக் குறையும் என நம்புகிறோம்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அக்காளுக்கு 42 வயதில் மார்பகப் புற்றுநோய். அவருடைய அறிக்கையில் பி.ஆர்.சி.ஏ.2 மரபணுவில் உறுதியாகாத மாறுபாடு ஒன்று உள்ளது. நலமாக உள்ள தங்கை, "எனக்கும் அதே சோதனையைச் செய்து, இருந்தால் சினைப்பைகளை எடுத்துவிடுங்கள்" என்கிறார். அவருடைய அச்சம் நியாயமானது. ஆயினும் அவ்வறுவைச் சிகிச்சையை இந்த மாறுபாட்டின் பேரில் செய்வது முறையன்று. சினைப்பைகளை எடுத்தால் மாதவிடாய் முன்கூட்டியே நிற்கும், எலும்பு வலுவிழக்கும். எடுத்ததைத் திரும்ப வைக்கவும் இயலாது. மாறுபாடு தீங்கற்றது எனப் பின்னாளில் தெரியவந்தால் அவ்விழப்பு வீணாகிவிடும்.

தங்கைக்குச் சோதனை செய்வதாலும் பயனில்லை. மாறுபாடு இருந்தால் வீண் கலக்கம். இல்லாவிட்டால் பொய்யான நிம்மதி. இதுவே கூடுதல் ஆபத்து என்பது எங்கள் கருத்து. அக்காளின் நோய்க்குக் காரணம் வேறொன்றாக இருந்தால், அது தங்கையிடமும் இருக்கலாம் அல்லவா? ஆகவே தங்கையின் கண்காணிப்பைக் குடும்ப வரலாறே தீர்மானிக்க வேண்டும். அக்காளுக்கு நோய் வந்த வயதுக்குப் பத்து ஆண்டுகள் முன்பிருந்தே மேமோகிராம் தொடங்குவது பல இடங்களில் பின்பற்றப்படும் முறை. அவரவர் நிலைக்கேற்ப மருத்துவர் முடிவு செய்வார்.

குடும்ப வரலாறு சொல்லும்போது தாய்வழியை மட்டுமே சொல்வோர் பலர். அத்தைக்கு வந்த சினைப்பைப் புற்றுநோயும் அதே அளவு முக்கியமானது. பழுதான மரபணுவைத் தந்தையும் தரலாம், அதைப் பெறும் வாய்ப்பு ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி. பெற்றோர் உறவுக்குள் மணந்தவர்களாயின் அதையும் தயங்காமல் கூறுங்கள். நோயுற்ற உறவினர் வேறு எவரேனும் இருந்து, அவர் சோதனைக்கு இசைந்தால், அதே மாறுபாடு அவரிடமும் உள்ளதா என்று பார்ப்பது மாறுபாட்டை வகைப்படுத்த உதவும் அரிய சான்றாகும். நலமாக உள்ள தங்கைக்குச் செய்யும் சோதனை அவ்வாறு உதவுவது குறைவு.

உறுதியாகாதது என்றென்றும் அப்படியே நிற்பதில்லை. 2018இல் சியாட்டில் ஆய்வாளர்கள் பி.ஆர்.சி.ஏ.1 மரபணுவின் முக்கியப் பகுதிகளில் ஏறத்தாழ 4,000 ஒற்றை எழுத்து மாற்றங்களை ஒவ்வொன்றாக உயிரணுக்களில் உண்டாக்கி, எது கேடு செய்கிறது என்று கண்டனர். அதே ஆண்டில் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வொன்றில், மறுவகைப்படுத்தப்பட்ட உறுதியாகாத மாறுபாடுகளில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது தீங்கற்ற பக்கமே சென்றன. எஞ்சிய ஒன்றுக்காகவே அறிக்கையைப் பாதுகாக்கச் சொல்கிறோம். அது 'நோய் தருவது' என மாறினால், தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் அன்றே சோதனை பொருளுடையதாகும்.

2011 தானே புயலிலும் 2015 வெள்ளத்திலும் மருத்துவத் தாள்களை இழந்த குடும்பங்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். அறிக்கையைக் கைப்பேசியில் படமெடுத்து, வெளியூரில் உள்ள ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். ஆண்டுக்கொரு முறை, பரிசோதனையைப் பரிந்துரைத்த மருத்துவரிடமோ மரபியல் ஆலோசகரிடமோ "வகைப்பாடு மாறியுள்ளதா?" என்று கேளுங்கள். கைப்பேசி எண் மாறினால் மருத்துவமனைப் பதிவேட்டிலும் மறவாமல் மாற்றுங்கள். மறுவகைப்பாட்டுச் செய்தி பழைய எண்ணுக்குத்தான் வரும்.