தாய்ப்பலகையை மாற்றலாம், விண்டோஸை அழிக்க வேண்டாம்

ஆண்டிதழ் வேலை சூடுபிடிக்கும் மாதத்தில்தான் கழகத்துக் கணினிகள் படுத்துவிடும். டத்தோ கிராமாட்டிலிருந்து கொம்தார்ப் பக்கம் உள்ள ஏதாவது ஒரு கணினிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், கடைக்காரர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, தாய்ப்பலகை போய்விட்டது என்பார். அடுத்த வாக்கியம் எல்லாக் கடைகளிலும் ஒன்றுதான்: "கெனா ஃபோர்மேட் லா." வன்தட்டைத் துடைத்துவிட்டு விண்டோஸை மறுபடியும் நிறுவ வேண்டுமாம்.

கடைக்காரருக்கு அது எளிய வழி. நமக்கு அப்படியல்ல. கட்டுரைகளையும் படங்களையும் வேறு வன்தட்டில் படி எடுத்துக்கொள்ளலாம். அது பெரிய காரியமில்லை. படி எடுக்க முடியாதது கணினியின் அமைப்பு. ஒருங்குறி பரவலாவதற்கு முன் தமிழுக்கு டிஸ்கி, டாம், டாப் எனப் பல குறியாக்கங்கள் இருந்தன. டாமும் டாபும் சென்னையில் 1999ஆம் ஆண்டு நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி வந்தவை. நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டு தொடங்கிய முரசு மென்பொருளில் தட்டச்சுப் பழகியவர்கள் நம்மிடையே ஏராளம். அக்காலத்துக் கோப்பு ஒன்றை அதற்குரிய எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தமிழுக்குப் பதிலாக உச்சிக்குறி போட்ட ஐரோப்பிய எழுத்துகள்தாம் வரிசையாக நிற்கும். பக்க வடிவமைப்பு பேஜ்மேக்கரில் செய்யப்பட்டிருந்தால் சிக்கல் இன்னும் பெரிது. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001ஆம் ஆண்டில். நிறுவு குறுந்தட்டும் வரிசை எண்ணும் எந்த முன்னாள் செயலாளர் வீட்டு அலமாரியில் கிடக்கின்றனவோ, யார் கண்டது! ஆகவே தாய்ப்பலகையை மாற்றும்போது இயங்குதளத்தைக் காப்பாற்றுவது சோம்பேறித்தனமில்லை. பழைய இதழ்களைத் திறக்கும் ஒரே வழியைக் காப்பாற்றுவது அது.

முதலில், மாற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள். மின்வழங்கி பழுதானாலும் கணினி இதே போலச் செத்துக் கிடக்கும். 2000ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் வந்த பல தாய்ப்பலகைகளில் தரமற்ற மின்தேக்கிகள் இருந்தன. அவை தலை உப்பி, பழுப்புத் திரவம் கசியும். உப்பியவற்றை மட்டும் எடுத்துவிட்டுப் புதியவற்றைப் பற்றவைத்தாலே பலகை உயிர்பெறுவதுண்டு. (பற்றவைக்கும் அந்த ஈயத்தில் பெரும்பங்கு வெள்ளீயம். டத்தோ கிராமாட் சாலையில் ஒரு காலத்தில் பெரிய வெள்ளீய உருக்காலையே இருந்தது. இன்று அவ்வட்டாரத்தில் பினாங்கு டைம்ஸ் ஸ்குவேர் நிற்கிறது.) பலகை மாறவில்லையென்றால் இயங்குதளத்துக்கு ஒன்றும் தெரியாது.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், விண்டோஸ் ஏன் படுத்துக்கொள்கிறது என்பதைப் புரிந்துகொள்வது நல்லது. கணினியைத் தூண்டியதும் தாய்ப்பலகையிலுள்ள பயோஸ் வன்தட்டின் முதல் பகுதியைப் படித்து விண்டோஸைத் தொடக்கிவிடுகிறது. சில விநாடிகளில் பயோஸ் ஒதுங்கிக்கொள்ள, விண்டோஸ் தன் சொந்த இயக்கி நிரலைக் கொண்டு வன்தட்டைப் படிக்க வேண்டும். எல்லா இயக்கிகளையும் அந்த நேரத்தில் அது ஏற்றுவதில்லை. பழைய பலகைக்குத் தேவையானவற்றை மட்டுமே தொடக்கத்தில் ஏற்றும்படி குறித்து வைத்திருக்கும். புதிய பலகையின் வன்தட்டுக் கட்டுப்படுத்தி வேறு வகையானால், அதற்குரிய இயக்கி வன்தட்டுக்குள் இருக்கிறது, வன்தட்டைத் திறக்கவோ அந்த இயக்கி வேண்டும். சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதை! நீலத் திரையில் 7பி என்று முடியும் பிழை எண் வருவது இதனால்தான். வன்தட்டு கெடவில்லை, கோப்பு எதுவும் அழியவில்லை. அந்த நீலத் திரையைப் பார்த்துப் பயந்து ஃபோர்மேட்டுக்குச் சம்மதித்தவர்கள் பலர்.

ஆகவே வேலையின் முக்கால் பங்கு, பழைய பலகை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யப்பட வேண்டியது. கணினி அடிக்கடி தானாக அணைகிறது என்றால் அதுவே அறிகுறி. உடனே குளோன்சில்லா போன்ற இலவச மென்பொருளால் வன்தட்டு முழுவதையும் ஒரு வெளி வன்தட்டுக்குப் படிமமாக எடுத்துவிடுங்கள். கோப்புகளை மட்டும் நகலெடுப்பது போதாது. படிமம் கையிலிருந்தால் பிறகு எந்தத் தவறும் திருத்தக்கூடிய தவறுதான்.

விண்டோஸ் எக்ஸ்பி உள்ள கணினியில், டிவைஸ் மேனேஜருக்குள் போய், வன்தட்டுக் கட்டுப்படுத்தியின் இயக்கியை மைக்ரோசாப்டின் பொதுவான 'ஸ்டாண்டர்ட் டூவல் சேனல்' இயக்கியாக மாற்றிக் கணினியை அணைத்துவிட வேண்டும். மறுபடி பழைய பலகையில் தொடக்காமல் புதியதில் பொருத்த வேண்டும். புதிய பலகையின் பயோஸில் வன்தட்டு முறையை ஐடிஇ என்று வையுங்கள். அப்படியும் எழவில்லையென்றால் எக்ஸ்பி குறுந்தட்டிலிருந்து பழுதுபார்ப்பு நிறுவல் செய்யலாம். இதில் ஒரு நுணுக்கம்: முதல் திரையில் கேட்கப்படும் 'ஆர்' விசையை அழுத்தக் கூடாது, அது வேறொரு கட்டளைத் திரைக்குப் போய்விடும். என்டர் அழுத்தி, உரிம ஒப்பந்தத்தை ஏற்றபின், பழைய விண்டோஸைக் கண்டுபிடித்துக் காட்டும் திரையில் வரும் இரண்டாவது 'ஆர்' விசைதான் நமக்குரியது. இவ்வழியில் மென்பொருள்களும் எழுத்துருக்களும் அப்படியே இருக்கும்.

ஆனால் இன்று கடையில் கிடைக்கும் புதிய பலகைகளுக்கு எக்ஸ்பி இயக்கிகள் வருவதில்லை. எக்ஸ்பிக்கான ஆதரவும் 2014 ஏப்ரல் 8ஆம் நாள் முடிந்துவிட்டது. பழைய இதழ்க் கோப்புகளுக்காக மட்டும் எக்ஸ்பியை வைத்திருப்பவர்கள், டிஸ்க்2விஎச்டி கொண்டு முழு வன்தட்டையும் ஒரே கோப்பாக்கி, புதிய கணினியில் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் இணையத் தொடர்பில்லாமல் ஓட்டுவதே என் கருத்தில் சிறந்த வழி. மெய்நிகர் கணினியும் ஒரு புதிய தாய்ப்பலகைதான். மேலே சொன்ன கட்டுப்படுத்தி வேலையை அதற்கு முன்பும் செய்துவிட வேண்டும்.

விண்டோஸ் 7க்கு வேலை குறைவு. ரெஜிஸ்ட்ரியில் சேவைகள் பகுதிக்குள் 'எம்எஸ்ஏஎச்சிஐ' என்ற உட்பிரிவைத் திறந்து, 'ஸ்டார்ட்' மதிப்பு 3 என்றிருந்தால் 0 ஆக்கிவிட்டு அணைத்தால் பெரும்பாலும் போதும்.

விண்டோஸ் 10, 11 இரண்டும் இவ்விஷயத்தில் நன்கு தேறிவிட்டன. வன்தட்டைப் புதிய பலகையில் மாட்டித் தொடக்கினால், கருவிகளைத் தயார் செய்வதாகச் சொல்லி ஓரிரு முறை தானே அணைந்து எழுந்து, ஓடத் தொடங்கிவிடும். இணைய அட்டையின் இயக்கியை மட்டும் யுஎஸ்பியில் முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள்; அது இல்லாவிட்டால் மற்றவற்றைப் பதிவிறக்க வழியிருக்காது. இப்பதிப்புகளில் இடறுவது வேறு மூன்று இடங்களில்.

ஒன்று பிட்லாக்கர் என்னும் பூட்டு. அதன் சாவி பலகையோடு சேர்ந்த டிபிஎம் பகுதியில் இருக்கிறது. பலகை மாறினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது இல்லையென்றால் கோப்புகளும் இல்லை. எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் நாம் கேட்காமலே இப்பூட்டு போடப்பட்டிருக்கும். 'எனக்கு அப்படி ஒன்றும் இல்லை' என்று சொல்வதற்கு முன் அமைப்புகளில் பாருங்கள். மாற்றுவதற்கு முன் பூட்டை நிறுத்தி, எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள்.

அடுத்தது தொடக்க முறை. பழைய வன்தட்டு எம்பிஆர் முறையிலும் புதிய பலகை யூஇஎஃப்ஐ முறையில் மட்டும் இயங்குவதாகவும் இருந்தால், வன்தட்டைப் பலகை கண்டுகொள்ளாது. 2017ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து விண்டோஸ் 10இல் 'எம்பிஆர்2ஜிபிடி' என்ற கருவி உள்ளடங்கியே வருகிறது. கோப்புகளை அழிக்காமல் மாற்றித் தரும். 2025 அக்டோபர் 14ஆம் நாள் விண்டோஸ் 10 ஆதரவு முடிந்ததால் விண்டோஸ் 11க்காகப் பலகை மாற்றுகிறவர்கள் அதிகம். அவர்களுக்கு இந்தப் படி தவிர்க்க முடியாதது.

மூன்றாவது உரிமம். தனியாக வாங்கிய சில்லறை உரிமத்தைப் புதிய பலகைக்குக் கொண்டு போகலாம். கணினியோடு சேர்ந்து வந்த ஓஇஎம் உரிமம் தாய்ப்பலகையோடு பிறந்து அதோடு போவது. பழுதான பலகையைத் தயாரிப்பாளரே உத்தரவாதத்தில் மாற்றித் தந்தால் மட்டும் விதிவிலக்கு. 2016ஆம் ஆண்டின் 1607 பதிப்பு முதல், உரிமத்தை மைக்ரோசாப்ட் கணக்கோடு முன்பே இணைத்திருந்தால், மாற்றியபின் 'அண்மையில் வன்பொருளை மாற்றினேன்' என்ற தெரிவின் வழியே மறுபடியும் செயல்படுத்தலாம்.

லினக்ஸ் வைத்திருக்கும் தம்பி தங்கைகள் இவ்வளவையும் படித்துச் சிரித்திருப்பீர்கள். உபுண்டு போன்றவற்றில் பெரும்பாலான இயக்கிகள் கூடவே இருப்பதால் வன்தட்டு புதிய பலகையில் சாதாரணமாக எழுந்துவிடும். இணைய அட்டையின் பெயர் மாறினால் அதைச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

பழைய பலகை முன்னறிவிப்பில்லாமல் செத்துவிட்டால்? விண்டோஸ் 8க்குப் பிந்தியதானால் 'சேஃப் மோட்' வழியாக ஒருமுறை எழுப்பிப் பாருங்கள். எக்ஸ்பி, விண்டோஸ் 7 என்றால் அதே மாதிரிப் பலகையை, இல்லாவிட்டால் அதே சிப்செட் குடும்பத்துப் பலகையைப் பழைய பொருள் கடையில் தேடுவது பலன் தரும்.

புதிய பலகையில் கணினி எழுந்ததும் வேலை முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். பழைய ஆண்டிதழின் ஒரு பக்கத்தைத் திறந்து, கொம்புகளும் புள்ளிகளும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து, அச்சுப்பொறியில் ஒரு தாள் எடுங்கள். உரிமம் செயல்பட்டதா என்று உறுதிசெய்யுங்கள். அதுவரை பழைய பலகையைத் தூக்கிப் போடாமல், படிமம் உள்ள வெளி வன்தட்டோடு ஒரே பெட்டியில் வைத்திருங்கள்.