ஒரு பகல் வாழும் ஏலப்பூ

நம் மன்ற இதழுக்குக் குறிஞ்சியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தரும்படி இதழாசிரியர் கேட்டார். இடுக்கியிலிருந்து வந்தவள் குறிஞ்சியைப் பற்றித்தானே எழுத வேண்டும் என்பது அவர் எண்ணம். குறிஞ்சி அழகுதான், மறுப்பாரில்லை. ஆனால் அது 2006 இல் பூத்தது. பிறகு 2018 இல் பூத்தது. இனி 2030 இல்தான் பெருவாரியாகப் பூக்கும். இடையிலுள்ள ஆண்டுகளிலும் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தாக வேண்டும் அல்லவா? அந்த அடுப்பை எரிய வைப்பது வேறொரு பூ. அதைப் பார்க்க எந்தச் சுற்றுலாப் பேருந்தும் வருவதில்லை. அதைப் பற்றியே எழுதுகிறேன்.

என் பாட்டனார் போடியிலிருந்து மலை ஏறியவர். உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டம் ஒன்றின் லயத்தில்தான் நான் பிறந்தேன். என் தாயார் இன்றும் அங்கே காய் எடுக்கிறார். அவரைப் போல மலையிலேயே தங்கிவிட்டவர்கள் ஒருபுறம் இருக்க, தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக விடியுமுன் ஜீப்பில் ஏறி வந்து, மாலையில் இறங்கிச் செல்லும் பெண்களும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றனர்.

ஏலக்காய் செடியில் எந்த இடத்தில் காய்க்கிறது என்று விடுதித் தோழியரிடம் கேட்டுப் பார்த்தேன். மரத்தில் என்றார் ஒருவர். மிளகைப் போலக் கொடியில் என்றார் இன்னொருவர். பாயசத்தில் என்றார் மூன்றாமவர். அவர் கணிதம் படிக்கிறார். உண்மையில் ஏலம் இஞ்சியின் உறவு. மண்ணுக்குள் கிழங்கு போன்ற தண்டு. மேலே ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும் தட்டைகள். அவற்றில் நீண்ட இலைகள். பூவோ அந்த உயரத்தில் இல்லை. தூரின் அடியிலிருந்து மெல்லிய சரங்கள் கிளம்பித் தரையோடு தரையாக ஓடும். பூவும் காயும் அந்தச் சரத்தில்தான். ஆகவே காய் எடுப்பவர் நாள் முழுதும் குனிந்தோ குந்தியோதான் இருக்க வேண்டும். என் தாயாரின் முதுகுவலிக்குத் தாவரவியற் காரணம் இதுவே.

பூ என்பது செடியின் இனப்பெருக்க உறுப்பு என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். மகரந்தத்தூள் சூலகமுடியை அடைய வேண்டும். அடைந்தால் காய், இல்லையேல் இல்லை. இன்று குழந்தைகளுக்கும் தெரிந்த இந்தச் செய்தியை மெய்ப்பிக்க மேனாட்டார்க்கு 1694 ஆம் ஆண்டுவரை ஆயிற்று. ஜெர்மனியில் காமராரியஸ் என்னும் அறிஞர் ஆமணக்குச் செடியின் ஆண் பூக்களைக் கிள்ளி எறிந்துவிட்டுக் காத்திருந்தார். முளைக்கத்தக்க வித்து உண்டாகவில்லை. நம் பனையேறிகள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். பாலக்காட்டில் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் பேசும் ஊர்கள் மிகுதி, பனையும் மிகுதி. என் அத்தையை அங்கேதான் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஆண்பனை வேறு, பெண்பனை வேறு என்பது அங்கே ஆடு மேய்க்கும் சிறுவனுக்கும் தெரியும். ஆண்பனையில் நுங்கு கிடையாது. ஆனால் பாளை விடும்வரை எது ஆண், எது பெண் என்று எவராலும் சொல்ல முடியாது. அதற்குப் பத்தாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

ஏலப்பூ பனையைப் போன்றதன்று. ஒரே பூவில் ஆணுறுப்பும் உண்டு, பெண்ணுறுப்பும் உண்டு. அங்ஙனமாயின் தானே தன்னைச் சூல்கொள்ளச் செய்துகொள்ளலாமே, பிறர் உதவி எதற்கு என்று தோன்றும். வியப்பு இங்கேதான் தொடங்குகிறது.

ஏலப்பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெண்மையான அகன்ற உதடு ஒன்று முன்னே நீண்டிருக்கும். அதில் ஊதாச் சிவப்புக் கோடுகள் நடுவிலிருந்து விசிறிபோலப் பரந்திருக்கும். அந்த உதடு உண்மையில் அல்லியிதழ் அன்று. மகரந்தம் தரும் தொழிலை விட்டுவிட்டு இதழாக உருமாறிய கேசரங்களே அது. தொழிலைக் கைவிடாத கேசரம் ஒன்றே ஒன்றுதான் எஞ்சியிருக்கிறது. அதன் மகரந்தப்பை இரு பிளவாக இருக்கும். சூலகத்தண்டு நூல்போல் மெலிந்தது. அது ஊசியில் கோத்த நூலைப்போல் அவ்விரு பிளவுகளின் நடுவே நுழைந்து மேலே தலையை நீட்டுகிறது. அந்தத் தலைதான் சூலகமுடி. மகரந்தத்துக்கும் அதற்கும் இடைவெளி மயிரிழை அளவே. ஆனால் அந்த மயிரிழையைத் தூள் தானாகத் தாண்டாது. ஏலத்தின் மகரந்தம் ஒட்டும் தன்மையுடையது; காற்றில் பறக்காது. சூலகமுடியோ சற்று மேலே இருக்கிறது. கீழே உதிரும் தூளும் அதன்மேல் விழ வழியில்லை.

பூ விடியுமுன் விரியத் தொடங்கும். சூலகமுடி மகரந்தத்தை ஏற்கும் பக்குவத்தில் இருப்பது பெரும்பாலும் முற்பகல் நேரமே. மாலையில் பூ வாடிவிடும். ஒரு பகல், அதிலும் சில மணி நேரம். அதற்குள் ஒரு தேனீ வந்தாக வேண்டும். அது உதட்டில் இறங்கி, கோடுகள் காட்டும் வழியே உள்ளே தலையை நுழைக்கிறது. மது பூக்குழலின் அடியில் இருக்கிறது. அந்தக் குறுகிய சந்தில் தேனீயின் முதுகு சூலகமுடியிலும் மகரந்தப்பையிலும் உராய்கிறது. பழைய பூவின் தூள் இறங்குகிறது. புதிய தூள் ஏறுகிறது. பூவிலுள்ள கோடுகள் வண்டினத்துக்கு வழிகாட்டும் குறிகள் என்று 1793 இல் ஸ்பிரெங்கல் என்பவர் எழுதியபோது அன்றைய அறிஞர்கள் அவரை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை.

தோட்டங்களில் இந்தப் பணியைச் செய்பவை மலைத்தேனீ, அடுக்குத்தேனீ, கொசுத்தேனீ ஆகிய மூன்றும். காட்டில் தானே வளரும் ஏலத்துக்கு வருகிறவர்கள் வேறு. கூட்டமாக வாழாமல் தனித்து வாழும் ஈ வகைகள் அவை. சினு, சிவண்ணா என்னும் இருவர் மேற்குத்தொடர்ச்சி மலையில் ஆராய்ந்து 2007 இல் இதை வெளியிட்டனர். செடி ஒன்றே, காட்டில் இருக்கும்போது ஒரு விருந்தாளி, தோட்டத்துக்கு வந்தால் வேறு விருந்தாளி. இதை முதலில் படித்தபோது எங்கள் நினைவு வந்தது. மலையிலும் ஒரு வாழ்க்கை, இங்கு நகரத்திலும் ஒரு வாழ்க்கை என்று இருப்பவர்கள்தானே நாங்கள்.

தேனீயின் வேலை அதோடு முடிந்தது; பிறகு நடப்பது கண்ணுக்குத் தெரியாது. சூலகமுடியில் ஒட்டிய ஒவ்வொரு மகரந்தத்துகளும் நுண்குழல் ஒன்றை நீட்டுகிறது. அக்குழல் தண்டின் வழியே இறங்கிச் சூலை அடைகிறது. அதனுள் இரண்டு ஆண் அணுக்கள் உண்டு. ஒன்று முட்டையோடு கூடிக் கருவாகிறது. மற்றொன்று நடுவிலுள்ள உட்கருக்களோடு கூடிக் கருவுக்கு வேண்டிய உணவாகிறது. பூக்கும் தாவரங்களுக்கே சிறப்பான இந்த இரட்டைக் கருவுறுதலை ரஷ்ய நாட்டு நவாஷின் 1898 இல் கண்டறிந்தார். நம் நாட்டவருக்கும் இத்துறையில் பெரும் பங்கு உண்டு. டில்லிப் பல்கலைக்கழகத்தில் பஞ்சானன் மகேசுவரியும் அவர் மாணாக்கரும் 1962 இல் கசகசாச் செடியின் சூல்களைச் சோதனைக்குழாயிலேயே கருவுறச் செய்து காட்டினர்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. ஒரு துகள், ஒரு குழல், ஒரு விதை என்பதே கணக்கு. ஏலக்காயின் மூன்று அறைகளில் பதினைந்து இருபது விதை இருக்கிறதென்றால் அத்தனை துகள்களாவது வந்து சேர்ந்திருக்க வேண்டும். குறைவாக வந்தால் காய் சிறுக்கும், அல்லது பிஞ்சிலேயே உதிரும். ஏலச்சந்தையில் காயைச் சலித்து மில்லிமீட்டர் கணக்கில் தரம் பிரிக்கிறார்கள். எட்டு மில்லிமீட்டர்க் காய்க்கு ஒரு விலை, அதற்குக் குறைந்ததற்கு வேறு விலை. போடியிலும் புற்றடியிலும் ஏலம் கூறப்படும் அந்த விலையில் ஒரு பங்கைத் தீர்மானிப்பது முற்பகலில் வந்து போன தேனீ.

இதைப் புத்தகத்தில் படித்ததோடு நிற்க எனக்கு மனம் வரவில்லை. சென்ற ஆண்டு விடுமுறையில், மேற்பார்வையாளரிடம் கேட்டுக்கொண்டு, எங்கள் லயத்தை ஒட்டிய செடிகளில் ஐந்து சரங்களைப் பழைய கொசுவலைத் துணியால் கட்டி மூடினேன். அருகிலேயே ஐந்து சரங்களை நூல் கட்டி அடையாளமிட்டுத் திறந்தே விட்டேன். என் தாயார் பார்த்துவிட்டு, "சரத்துக்கு எதுக்குத் தாயி கொசுவலை? பிள்ளைக்குக் கட்டின வலையில்ல அது!" என்றார். மூடிய சரங்களிலும் பூ மற்றவற்றைப் போலவே நாள்தோறும் விரிந்தது. மாலையில் வாடி விழுந்தது. மூன்று வாரம் கழித்து வலையை அவிழ்த்தபோது காம்புத் தழும்புகளே மிச்சம். திறந்திருந்த சரங்களில் பச்சைப் பிஞ்சுகள் வரிசையாக இருந்தன. முப்பது ஆண்டாகக் காய் எடுக்கும் என் தாயார் அந்த வெறுஞ்சரத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். "ஈ வராட்டி இம்புட்டுத்தானா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வி வீண் கேள்வியன்று. ஏலம் பூப்பது மேமாத வாக்கில் தொடங்கிப் பருவமழைக் காலத்தில் உச்சம் அடைகிறது. மழை பெய்தால் தேனீ கூட்டை விட்டு வராது. அதே தோட்டத்து மரங்களில் ஏறியிருக்கும் மிளகுக்கோ மழை நட்பு; மழைத்துளி மிளகுத்திரியில் வழியும்போது மகரந்தமும் கூடவே இறங்குகிறது. ஒரே மழை, ஒன்றுக்கு வாழ்வு, மற்றொன்றுக்குத் தடை. எனவே மழை ஓய்ந்து வெயில் முகங்காட்டும் முற்பகல் ஒவ்வொன்றும் ஏலத்துக்குப் பொன்போன்றது.

அந்த முற்பகலில்தான் மருந்தும் அடிக்கிறார்கள். இதில் தோட்டக்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இலைப்பேன் தாக்கினால் காயின் தோல் சொரசொரத்து விலை பாதியாகும். தண்டுதுளைப்பான் நுழைந்தால் தட்டையே போகும். பிற்பகலில் அடிக்கலாம் என்றால் மழை வந்து கழுவிவிடும்; மருந்தும் கூலியும் வீண். நான் சரம் கட்டியிருந்த அந்த மாதத்தில் ஒருநாள், காலை ஒன்பது மணியளவில், பூ நிறைந்திருந்த ஒரு பகுதியில் தெளித்தார்கள். மறுநாள் தோட்டத்து ஓரத்திலிருந்த தேன்பெட்டிகளின் முன்னே தேனீக்கள் கொத்துக் கொத்தாக விழுந்து கிடந்தன. ஒரு பெட்டியைக் காதில் வைத்துக் கேட்டேன்; ஓசை இல்லை. அந்தப் பகுதிச் சரங்களில் அதன் பிறகு காய் குறைந்ததைக் காய் எடுக்கும் பெண்களே சொன்னார்கள். ஆனால் மழை, வெயில், நோய் என்று காரணங்கள் பல இருக்கையில், தெளித்ததுதான் காரணம் என்று நான் எப்படி அறுதியிட்டுக் கூறுவது? முன்பு 1991, 1992 ஆம் ஆண்டுகளில் தாய்லாந்துச் சாக்குப்புழு நோய் என்னும் நச்சுயிரி நோய் பரவிக் கேரளத்தில் அடுக்குத்தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்துவிட்டது. அப்போது தெளிப்பு ஒன்றே காரணமன்று.

தேனீ இல்லையென்றால் கையால் செய்தால் என்ன என்று வகுப்பில் ஒரு நண்பர் கேட்டார். செய்யலாம், வனிலாவுக்குச் செய்கிறார்கள். அதன் பூவில் மகரந்தத்துக்கும் சூலகமுடிக்கும் நடுவே ஒரு சவ்வு மறைப்பாக நிற்கும். மெக்சிகோவிலிருந்து வந்த அந்தக் கொடிக்கு இங்கே உரிய ஈ இல்லை. ரீயூனியன் தீவில் எட்மண்ட் என்னும் அடிமைச் சிறுவன், பன்னிரண்டு வயதில், 1841 இல், ஒரு குச்சியால் அச்சவ்வை நீக்கிக் கட்டைவிரலால் அழுத்தும் எளிய முறையைக் கண்டான். உலகெங்கும் இன்றும் அதே முறைதான். 2003 ஐ ஒட்டி வனிலா விலை வானளாவியபோது இடுக்கியிலும் பலர் அதைப் பயிரிட்டனர். என் தாயாரும் நாட்கூலிக்கு அந்தப் பூக்களைத் தொட்டிருக்கிறார். பிறகு விலை சரிந்தது, கொடிகளையும் கவனிப்பாரில்லை. ஆனால் ஏலத்தில் இது நடவாது. ஒரு தூரில் எத்தனை சரம், ஒரு சரத்தில் எத்தனை பூ, ஒவ்வொரு பூவும் ஒரே பகல்! "அப்படிச் செய்யணும்னா ஊருல உள்ள பொம்பளை எல்லாம் மலையேறினாலும் பத்தாது" என்று என் தாயார் கணக்குச் சொல்லிவிட்டார்.

தேனீக்கள் நடமாடும் முற்பகலைத் தவிர்த்து, அவை கூடு திரும்பிய பிறகு தெளிக்க வேண்டும் என்பதே வல்லுநர் கூறும் வழி. மழைமலையில் அது எவ்வளவு கைகூடும் என்பதை அளந்து பார்த்தால் அல்லவா தெரியும்? இந்த ஆண்டு மேற்பார்வையாளரிடம் மறுபடி பேசினேன். முதலில் முகம் கொடுக்கவில்லை. சென்ற ஆண்டு கட்டிய வெறுஞ்சரத்தைக் காயவைத்து எடுத்துப் போயிருந்தேன். அதைக் காட்டியதும் சற்று நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு பாத்தி தருவதாக ஒப்புக்கொண்டார். ஒன்றில் வழக்கம்போல் காலையில் தெளிப்பார்கள்; மற்றொன்றில் மழையில்லாத நாள் பார்த்து மாலை நாலு மணிக்கு மேல். இரண்டிலும் பத்துப் பத்துச் சரங்களில் நூல் கட்டியாயிற்று. தேர்வு முடியும்வரை நான் இங்கே இருந்தாக வேண்டும். வாரம் ஒரு முறை பிஞ்சுகளை எண்ணி, லயத்துச் சுவரில் கரிக்கோடு போட்டு வைப்பதாக என் தாயார் சொல்லியிருக்கிறார்.