சித்திய அரசனின் எலும்பும் ஒரு ரத்தப் பரிசோதனையும்

அன்புள்ள தம்பிக்கு,

"புராஸ்டேட்டில் புற்றுநோய்தான் என்கிறார்கள். ஆனால் ஊசி இல்லை, மாத்திரை இல்லை. ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று தாத்தாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இது என்ன வைத்தியம்?" என்று எழுதியிருந்தாய். கோபம் நியாயமானதுதான். பதில்தான் கொஞ்சம் நீளம்; சைபீரியா வரை போய்வர வேண்டும்.

அங்கே துவா பகுதியில், அர்ஜான் என்னும் இடத்தில், சுமார் 2,700 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட, சித்தியர் என்ற பழங்கால இனத்து அரசன் ஒருவனின் கல்லறையைத் தோண்டினார்கள். உள்ளே ஏறத்தாழ 20 கிலோ தங்கம் இருந்தது. மருத்துவர்களின் கண் போனதோ அவனுடைய எலும்புகளின் மீது. நாற்பதைத் தாண்டிய அந்த மனிதனின் எலும்புக்கூட்டில் பல இடங்களில் புற்று பரவிய தடம் தெரிந்தது. எங்கிருந்து பரவியது? எலும்புக்குள் மிஞ்சியிருந்த ஒரு புரதம் அதைக் காட்டிக்கொடுத்தது: புராஸ்டேட்டிலிருந்து. 2007-ல் வெளியான ஆய்வு இது. இன்று லேப் சீட்டில் பி.எஸ்.ஏ. என்று எழுதித் தருகிறார்களே, அதே புரதம்தான்.

சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி, பெரிய நெல்லிக்காய் அளவில் ஆண்களுக்கு மட்டும் இருக்கும் சுரப்பி புராஸ்டேட். விந்துவோடு கலக்கும் திரவத்தின் ஒரு பகுதி இங்கே உருவாகிறது. வயதானால் இது பெருப்பது சகஜம். குழாயை ஒட்டிய உள்பகுதி பெருக்கும்போது குழாய் நெரிபடும்; இரவில் நாலைந்து தடவை எழுந்து போக வேண்டிவரும். இது புற்றுநோய் அல்ல. புற்று பெரும்பாலும் ஓரத்துப் பகுதியில், குழாயிலிருந்து தள்ளித்தான் முளைக்கிறது. அதனால் தொடக்கத்தில் எந்தத் தொந்தரவும் தராது. சிறுநீர் தாராளமாகப் போகிறது, நமக்கு ஒன்றுமில்லை என்று இருப்பவருக்கும் புற்று இருக்கலாம். சொட்டுச் சொட்டாகப் போய் அவதிப்படுகிறவருக்கு இல்லாமலும் இருக்கலாம். ஓரத்தில் வளர்வதால் ஒரு வசதியும் உண்டு. ஆசனவாய் வழியாக டாக்டர் விரலைவிட்டுத் தொட்டால், கல்போன்ற கட்டி சில சமயம் கைக்குத் தட்டுப்படும். அரை நிமிட வேலை; கூச்சப்பட்டே இதைத் தட்டிக்கழிப்பவர்கள் ஏராளம்.

பி.எஸ்.ஏ. சோதனையை நம்பித்தானே ஆக வேண்டும் என்பாய். நம்பலாம், அளவோடு. நல்ல நிலையில் உள்ள புராஸ்டேட்டும் அந்தப் புரதத்தைச் சுரக்கிறது. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 4 நானோகிராம் தாண்டினால் சந்தேகப்படுவது பழைய வழக்கம். வெறும் வீக்கமோ சிறுநீர்த் தொற்றோ இருந்தாலும் அளவு ஏறும். வீக்கத்துக்குத் தரும் ஃபினாஸ்டரைடு மாத்திரை, நாளடைவில் அளவைப் பாதியாக இறக்கிவிடும். அதைச் சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்லாவிட்டால் கணக்கே தப்பு. 1970-ல் புராஸ்டேட்டுக்கே உரிய புரதம் ஒன்றைப் பற்றி எழுதிய அமெரிக்க விஞ்ஞானி ரிச்சர்ட் ஆப்ளினே, எல்லா ஆண்களுக்கும் இந்தச் சோதனையைச் செய்வதை 2010-ல் நியூயார்க் டைம்ஸில் கடுமையாகச் சாடினார். அவர் சொன்னதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அவருடைய எரிச்சலில் அர்த்தம் இருக்கிறது.

ஆகவே சந்தேகம் வந்ததும் இப்போது பல இடங்களில் முதலில் எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள். தேவைப்பட்டால் பயாப்ஸி: மெல்லிய ஊசியால் சுரப்பியின் பல இடங்களிலிருந்து திசு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். அங்கே பயன்படும் அளவுகோல் மினியாபொலிஸ் படைவீரர் மருத்துவமனையில் இருந்த டொனால்ட் க்ளீசன் 1960-களில் உருவாக்கியது. செல்கள் எவ்வளவு உருக்குலைந்திருக்கின்றன என்பதற்கு 1 முதல் 5 வரை எண் தந்தார். அவற்றைப் படமாக வரைந்ததும் அவரே. அதிகமாகத் தெரியும் இரண்டு அமைப்புகளின் எண்களைக் கூட்டினால் க்ளீசன் மதிப்பெண். இன்றைய நடைமுறையில் 6 என்பது மிகச் சாது. 8, 9, 10 பொல்லாதவை.

தாத்தாவின் சீட்டைப் பார். அதில் 3+3 என்று இருந்தால் டாக்டர் ஏன் அவசரப்படவில்லை என்பது புரியும்.

பிரிட்டனில் 1,643 ஆண்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள்: ஒரு குழுவுக்கு அறுவை சிகிச்சை, ஒன்றுக்குக் கதிர்வீச்சு, மூன்றாவதற்குக் கண்காணிப்பு மட்டும். புற்று சுரப்பியைத் தாண்டாதவர்கள் இவர்கள். 15 ஆண்டு கழித்து, 2023-ல் வந்த முடிவில், புராஸ்டேட் புற்றால் இறந்தவர்கள் மொத்தம் 45 பேர்: அறுவையில் 12, கதிர்வீச்சில் 16, கண்காணிப்பில் 17. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் உடலின் வேறு இடங்களுக்குப் பரவியது கண்காணிப்புக் குழுவில் ஏறக்குறைய இரண்டு மடங்கு; அந்தக் குழுவில் பத்தில் ஆறு பேர் பிற்பாடு சிகிச்சைக்குப் போனார்கள். கண்காணிப்பு என்றால் மறந்துவிடுவது அல்ல என்பது இதிலேயே தெரிகிறது. குறிப்பிட்ட இடைவெளியில் பி.எஸ்.ஏ., அவ்வப்போது எம்.ஆர்.ஐ., சிலருக்கு மறுபடி பயாப்ஸி. தேதி தவறவிட்டால்தான் ஆபத்து.

சிகிச்சை என்றாலே பயம் வர ஒரு காரணம் இருந்தது. அந்தக் காலத்தில் சுரப்பியை எடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு ஆண்மை போய்விடும். 1981-ல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில், ஓய்வுபெற்ற சிறுநீரக அறுவை நிபுணர் பீட்டர் டோங்கர், இறந்து பிறந்த குழந்தை ஒன்றின் உடலை அறுத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். உடனிருந்தவர் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த பேட்ரிக் வால்ஷ். விறைப்புக்கான நரம்புகள் சுரப்பிக்குள் இல்லை, அதன் உறைக்கு வெளியே ஓரமாக ஓடுகின்றன என்பதை இருவரும் கண்டார்கள். அப்படியானால் நரம்பைத் தொடாமலே சுரப்பியை எடுக்கலாமே! மறு ஆண்டே வால்ஷ் அதைச் செய்துகாட்டினார். இன்று ரோபோ கைகள் செய்வதும் அந்த வழிதான். பாதிப்பு முற்றிலும் இல்லை என்று சொல்வதற்கில்லை. சிறுநீர்க் கசிவும் சிலருக்கு உண்டு.

எலும்புக்குப் பரவிவிட்டால்? 1941-ல் சிகாகோவில் சார்ல்ஸ் ஹக்கின்ஸ், ஆண் ஹார்மோனை நிறுத்தினால் இந்தப் புற்று சுருங்குகிறது என்று காட்டினார். 1966-ல் நோபல் பரிசு பெற்றார். பிரான்ஸ் அதிபர் மித்தரானுக்குப் பதவியேற்ற 1981-லேயே நோய் எலும்பில் இருந்தது. நாட்டுக்குப் பல ஆண்டுகள் மறைத்துவிட்டார். ஹார்மோன் சிகிச்சையோடு 1995 வரை ஆண்டு, மறு ஜனவரியில் இறந்தார். எல்லாருக்கும் அவ்வளவு காலம் கிடைப்பதில்லை. காலப்போக்கில் புற்று அந்த மருந்துக்கு மசியாமல் போகும். அப்போது புதிய மாத்திரைகளும் கீமோவும், பரவிய இடத்தைத் தேடிப் பிடித்துத் தாக்கும் லுட்டீசியம் கதிர்மருந்தும் இருக்கின்றன.

இனி உன் வீட்டுக்கு. அப்பாவுக்கோ சகோதரனுக்கோ இந்த நோய் வந்திருந்தால் ஒருவருக்கு ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. உன் தாத்தா அப்பாவைப் பெற்றவர் என்றால், அப்பாவும் சித்தப்பா பெரியப்பாக்களும் ஐம்பது வயது வரை காத்திருக்காமல் இப்போதே டாக்டரிடம் பேசட்டும். பி.ஆர்.சி.ஏ.2 என்ற மரபணுக் கோளாறு பெண்களுக்கு மார்பக, சூலகப் புற்றையும், ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றையும் கொண்டுவரக்கூடும். அது தாய்வழியிலும் வரும். ஆகவே பாட்டி, அத்தை, சித்தி யாருக்காவது அப்படி இருந்ததா என்று விசாரித்து, வயதோடு ஒரு தாளில் எழுதித் தாத்தாவின் அடுத்த செக்கப்புக்குக் கொடுத்தனுப்பு.

அன்புடன்,
மாமா