அம்மாவைப் பார்த்து மணி அடிக்குமா?

கேள்வி: அம்மாவுக்குத் தைரொயிட் புற்றுநோய். மஹரகமை வைத்தியசாலையில் கதிரியக்க அயடீன் கொடுத்தார்கள். அடுத்த மாதம் சென்னை போகிறோம். விமான நிலையத்தில் மணி அடித்துப் பிடித்துவைப்பார்கள் என்று லயத்தில் சொல்கிறார்களே?
- வாசகி, பசறை

பதில்: பயப்படாதீர்கள். நாம் நுழைந்து போகும் அந்தச் சட்டகம் இரும்பு, பித்தளையைத்தான் தேடும். அம்மாவின் கழுத்தில் இருப்பது அதற்குத் தெரியாது. கதிர்வீச்சைப் பிடிக்கும் கருவி வேறு. துறைமுகங்களிலும் எல்லைகளிலும் சில விமான நிலையங்களிலும் இருக்கும். அது கூர்மையானது, உடலுக்குத் தீங்கில்லாத மிச்சத்துக்கும் கத்தும்.

நியூயோர்க்கில் தைரொயிட் நோய்க்கு இதே அயடீன் எடுத்த ஒருவரை, மூன்று வாரம் கழித்து, சுரங்க ரயில் நிலையத்தில் பொலிஸார் நிறுத்திச் சோதித்தார்கள். 2002இல் மருத்துவ இதழில் வந்த செய்தி. ஆள் குற்றவாளியல்ல, நோயாளி!

அயடீன்-131 எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகும். சிறுநீரிலும் வெளியேறுவதால் உடலில் இன்னும் வேகமாகக் குறையும். ஆனாலும் மூன்று மாதம் வரைகூடக் கருவி கண்டுபிடிக்கலாம். இதய, எலும்பு ஸ்கேனுக்குப் போடும் டெக்னீசியமோ ஆறே மணி நேரத்தில் பாதியாகிவிடும்.

வைத்தியசாலையில் ஒரு கடிதம் கேளுங்கள்: மருந்தின் பெயர், அளவு, கொடுத்த திகதி, தொலைபேசி எண், ஆங்கிலத்தில். பெட்டிக்குள் அல்ல, கடவுச்சீட்டுக்குள் வையுங்கள்.

எனக்குக் கவலை விமான நிலையமல்ல, பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக்காம்பராதான். நெருங்கிப் படுப்பவர்மேலும் கதிர் படும்; வைத்தியர் சொன்ன நாள்வரை பேரப்பிள்ளை பாட்டியோடு ஒரே பாயில் படுக்க வேண்டாம்.