கச்சான் பூக்கும் காலத்துத் தண்ணீர்

1977, 1983ஆம் ஆண்டுக் கலவரங்களில் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறிய நம் மக்கள் பலருக்குக் கச்சான் புதுப் பயிர். நுவரெலியா, ஹட்டன் குளிர் அதற்கு ஆகாது. போரினால் மறுபடியும் இடம்பெயர்ந்து, 2009க்குப் பின் காணிக்குத் திரும்பிய குடும்பங்களும் இதைக் கவனிக்கலாம்.

தேயிலையில் இலைதான் விளைச்சல். மழை பெய்தால் கொழுந்து வரும். அதே கண்ணோடு கச்சானைப் பார்த்தால் ஏமாந்துபோவோம். தினமும் தண்ணீர் கண்ட செடி தளதளவென்று நிற்கும். பிடுங்கினால் நாலைந்து காய்தான் இருக்கும்.

விதைத்ததும் ஒரு தண்ணீர், நாலைந்து நாளில் முளை வெளிவர ஒரு தண்ணீர். அதன்பின் சுமார் 25ஆம் நாள் பூ தெரியும்வரை கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். வேர் ஆழம் போகும். பிறகு நீர் கிடைத்ததும் பூக்கள் ஒன்றாக வரும், காய்களும் ஒன்றாக முற்றும். மணல் நிலத்தில் விடிந்த பின்னும் இலை சோர்ந்து நின்றால் மட்டும் கொஞ்சம் விடலாம்.

பூ கண்ட பின்போ கஞ்சத்தனம் கூடாது. காலையில் விரியும் பூ அன்றே வாடிவிடும். அதன் அடியிலிருந்து ஊசிபோன்ற ஒரு காம்பு கீழ்நோக்கி வளர்ந்து மண்ணுக்குள் இறங்குகிறது. அதன் நுனிதான் காயாகிறது. மேல்மண் காய்ந்து இறுகியிருந்தால் ஊசி நுழையமாட்டாமல் கருகும். அடிமண்ணில் ஈரம் இருப்பது இதற்கு உதவாது. மேலே இரண்டு அங்குலம் ஈரமாக இருக்க வேண்டும். காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தையும் கோதுதான் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நீரோடு உறிஞ்சுகிறது. 40ஆம் நாளளவில் ஜிப்சம் போட்டு மண் அணைத்துவிட்டு, தண்ணீர் விடாதிருந்தால் அந்தக் காசு வீண். வெறும் கோதுதான் மிஞ்சும்.

ஆகவே பூவிலிருந்து பருப்பு நிரம்பும்வரை, மணலில் ஐந்தாறு நாளுக்கொரு முறையும், இறுக்கமான மண்ணில் எட்டுப் பத்து நாளுக்கொரு முறையும் இறையுங்கள். தண்ணீர் தேங்கவும் விடாதீர்கள்; வேர் முடிச்சுகளுக்குக் காற்று வேண்டும், இல்லாவிட்டால் செடி மஞ்சளிக்கும்.

கிணறு ஒரு ஏக்கருக்குத்தான் தாங்கும் என்றால் ஒன்றரை ஏக்கர் விதைக்காதிருப்பதே நல்லது என்பது எமது அபிப்பிராயம். விதைதான் பெரிய செலவு. கடனுக்கு வாங்கிய விதை பூவிலேயே காய்வதைவிடக் காணி சும்மா கிடக்கட்டும்.

முற்றிய பின் ஈரம் கூடினால் கொத்துக் கச்சான் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். 90 நாளுக்குப் பின் ஒரு செடியைப் பிடுங்கிக் காயை உடைத்துப் பாருங்கள். கோதின் உட்புறம் கறுத்திருந்தால் இறைப்பை நிறுத்தலாம். வெள்ளையாக இருந்தால் இன்னொரு தண்ணீர் வேண்டும்.