பச்சைப் பால் கேட்கிறார்கள், மாட்டைச் சோதித்தோமா?

மயிலாப்பூர், அடையாறு பக்கம் நாட்டுமாட்டுப் பால் கொடுக்கும் நம் நண்பர்களிடம் இப்போது அடிக்கடி வரும் கேள்வி, "காய்ச்சாம குடிக்கலாமா?" என்பது. தி.நகரில் என்னிடம் பால் வாங்கும் ஒரு அம்மா, பேரனுக்குப் பச்சைப் பாலாகவே கொடுக்கப் போவதாகச் சொன்னார். வேண்டாம்மா என்றேன். "உங்க மாடு நாட்டு மாடுதானே, ரசாயனத் தீவனமும் இல்லையே?" என்று திருப்பிக் கேட்டார்.

குழப்பம் அங்கேதான். நாம் விட்டது உரத்தையும் பூச்சிமருந்தையும். பாக்டீரியா அந்தக் கணக்கில் வராது. கன்று வீச்சு நோய் என்று நாம் சொல்லும் புருசெல்லோசிஸ் ஜெர்சிக்கும் வரும், காங்கேயத்துக்கும் வரும். மாடு பார்க்க நல்லாத்தான் இருக்கும், தீனி எடுக்கும், பால் கறக்கும். சினை ஐந்து மாதம் தாண்டியபின் கன்றை வீசும், நஞ்சுக்கொடி விழாமல் தங்கும். அடுத்த சினையில் கன்று முழுசாகவே பிறக்கலாம். ஆனால் பாலில் கிருமி போய்க்கொண்டே இருக்கும்.

மனிதருக்கு வந்தால் சாயங்காலக் காய்ச்சல், வியர்வை, மூட்டுவலி, இடுப்புவலி என்று மாதக்கணக்கில் இழுக்கும். டைபாய்டு என்று நினைத்தே பல நாள் ஓடிவிடும். டாக்டரிடம் போகும்போது "வீட்டுல மாடு இருக்கு, கன்று வீசினப்போ நான்தான் கைவிட்டு எடுத்தேன்" என்று நாமாகச் சொல்ல வேண்டும். அவர் கேட்க மாட்டார்.

இது பழைய கதை. 1887ல் மால்டா தீவில் டேவிட் புரூஸ் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். அது ஆட்டுப்பாலில் இருப்பதை 1905ல் தெமிஸ்டோக்ளிஸ் சம்மிட் காட்டினார். சிப்பாய்களுக்கு அந்தப் பாலை நிறுத்தியதும் காய்ச்சல் சட்டென்று குறைந்தது. காட்டிக்கொடுத்த ஆடுகளும் நோயில்லாதவை போலத்தான் இருந்தன.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? கிருமியை வளர்த்துப் பார்ப்பது ஆய்வகக்காரருக்கே ஆபத்து. அதனால் கிருமிக்கு எதிராக மாட்டின் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத்தான் முதலில் தேடுவார்கள். பாலில் செய்வது பால் வளையச் சோதனை. ஒரு மில்லி பாலில் சாயம் ஏற்றிய கிருமிக் கரைசல் ஒரு சொட்டு விட்டு, 37 டிகிரி வெப்பத்தில் ஒரு மணி நேரம் வைப்பார்கள். மேலே திரளும் ஆடை நீல வளையமாகி, கீழே பால் வெளுத்தால் சந்தேகம். எல்லா மாட்டுப் பாலையும் கலந்தே பார்க்கலாம் என்பதால் சின்னப் பண்ணைக்கு இதுதான் சிக்கனம். ஆனால் சீம்பால், மடிநோய்ப் பால், பால் வற்றும் சமயத்துப் பால் மூன்றும் பொய்யாகக் காட்டும். காய்ச்சிய பால், உறையவைத்த பால், ரொம்பக் குலுங்கிய பாலும் ஆகாது. பைக்கில் நம்ம ரோட்டில் கொண்டுபோகிறவர்கள் இதைக் கவனிக்கவும். ஆட்டுப்பாலுக்கு இந்தச் சோதனை ஒத்துவராது.

வளையம் வந்தால் ஒவ்வொரு மாடாக இரத்தம் எடுக்க வேண்டும். ரோஸ் பெங்கால் சோதனையில் ஒரு சொட்டு சீரத்தோடு ஒரு சொட்டு ரோஸ் நிறக் கரைசலைத் தட்டில் கலப்பார்கள். நான்கு நிமிடத்துக்குள் திரிதிரியாகத் திரண்டால் பாசிட்டிவ். அதை எலிசாவில் உறுதிசெய்வார்கள். உங்கள் ஊர் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள், மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்ப வழி சொல்வார். சென்னையைச் சுற்றி இருப்பவர்களுக்கு மாதவரம் பால்பண்ணையில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது.

காசநோயும் இந்தப் பட்டியலில்தான். மாட்டுக் காசம் என்றால் 'போவிஸ்' கிருமி என்றுதான் படித்தோம். சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தார் சென்னை மாடு ஒன்றில் 'ஓரிஜிஸ்' என்ற வேறு கிருமியைப் பிரித்து, அதன் மரபணு வரிசையை வெளியிட்டார்கள். வேலூர் சி.எம்.சி.யில் நோயாளிகளிடமிருந்து எடுத்த 940 மாதிரிகளைப் பார்த்த ஆய்வு 2020ல் வந்தது. அதில் 7 பேரிடம் ஓரிஜிஸ் இருந்தது, போவிஸ் ஒருவரிடமும் இல்லை. எண்ணிக்கை சின்னதுதான். ஆனாலும் போவிஸை மட்டும் தேடினால் அந்த ஏழும் கண்ணில் படாது. மாட்டுக்கு டியூபர்குலின் ஊசியைக் கழுத்துத் தோலில் போட்டு, 72 மணி நேரம் கழித்துத் தடிப்பை அளப்பார்கள்.

பாசிட்டிவ் வந்த மாட்டைச் சந்தையில் தள்ளிவிடுவதுதான் வழக்கம். நோய் இன்னொருத்தர் கொட்டகைக்குப் போகிறது, அவ்வளவுதான். தனியே கட்டி, சினைக்கு விடாமல் வைப்பதே முறை. ஒரே மாட்டை வைத்துப் பிழைக்கிறவரிடம் இதைச் சொல்வது எனக்குச் சுலபம், செய்வது அவருக்குக் கஷ்டம். பால் வாங்கும் வீடுகளும் அந்த நஷ்டத்தில் பங்கு எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. அந்த மாட்டின் பாலையும் கோமியத்தையும் பஞ்சகவ்யத்தில் சேர்க்காதீர்கள். கன்று வீசினால் கையுறை போட்டு எடுத்து, நஞ்சுக்கொடியைச் சுண்ணாம்போடு ஆழமாகப் புதையுங்கள். நாய் இழுக்க விடக்கூடாது.

பாலை 72 டிகிரியில் 15 விநாடி வைத்தாலே இந்தக் கிருமிகள் சாகும். வீட்டில் ஒரு கொதி பொங்கினால் தாராளம். பச்சைப் பாலைத் தயிராக்கினால் புளிப்பு கொன்றுவிடும் என்று நம்ப வேண்டாம்.

கிடேரிக் கன்றுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் ஒரே தடவை தடுப்பூசி, அரசுத் திட்டத்தில் இலவசம். காளைக்குப் போடக்கூடாது. அது உயிருள்ள கிருமி ஊசி, நம் கையில் குத்திக்கொண்டால் நமக்கே நோய் வரலாம் என்பதால் மருத்துவரே போடட்டும். போட்ட தேதியைக் காதுவில்லை எண்ணோடு எழுதி வையுங்கள். வயசு தாண்டிப் போட்டிருந்தால், பின்னால் இரத்தச் சோதனையில் அந்த ஊசியே பாசிட்டிவ் காட்டும்.